சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு வன்னியில் சிகிச்சை எடுப்பது எப்படி

நிறை கூடும் பயத்தில் பட்டினி கிடப்பது, சாப்பிட்டுவிட்டுச் சத்தி எடுப்பது, கட்டுப்படுத்த முடியாமல் ஒரேயடியாகச் சாப்பிடுவது, இவைதான் உண்ணல் கோளாறு. வன்னியில் அதற்கென்று தனிக் கிளினிக் கிடையாது. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுதான் வாசல். அந்த வாசலுக்கு வந்து சேருமுன்னம் பலர் காஸ்ட்ரிக் மருந்து, தைரொயிட் டெஸ்ட், பூச்சி மருந்து, நேர்த்தி, நூல் கட்டுதல் என்று ஒரு வருடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். நேர்த்தியை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது முடியும்வரை கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ மூன்று விடயங்கள் ஒரே காலத்தில் நடக்க வேண்டும்: உடம்பைச் சோதிப்பது, சாப்பாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவருவது, கதைத்துச் செய்யும் சிகிச்சை. ஒன்று மட்டும் கிடைத்தால் திருப்தியோடு வீட்டுக்குப் போகாதீர்கள். மற்ற இரண்டையும் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள்தான்.

1. முதலில் ஒரு கொப்பி

வைத்தியருக்கு முன்னால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் அழுகை வரும், அல்லது "ஒண்டுமில்லை டொக்டர், பசிக்கிறேல்லை" என்று வாயில் வரும். அதனால் போவதற்கு முன் 7 நாட்களுக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எந்த நேரச் சாப்பாட்டை விட்டது, சாப்பிட்ட பிறகு சத்தி எடுத்ததா, பேதி மாத்திரை போட்டதா, கட்டுப்படுத்த முடியாமல் ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டதா, அதன் பிறகு பட்டினி கிடந்ததா, எவ்வளவு நேரம் ஓட்டமும் உடற்பயிற்சியும். கலோரி எண்ண வேண்டாம். அது நோய்க்குத் தீனி போடுகிற வேலை.

கொப்பியின் முதல் பக்கத்தில் இவை இருக்கட்டும்: இப்போதைய நிறை, உயரம், ஆறு மாதத்துக்கு முந்திய நிறை, கடைசியாக மாதவிடாய் வந்த திகதி, குடிக்கும் மருந்துகள். முகநூலில் வாங்கிய "நிறை குறைக்கும்" பவுடர், தேயிலை, குளிசை எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பெட்டி இருந்தால் பெட்டியையே கொண்டுபோங்கள்.

வளர்ந்தவர் என்றால் நிறையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுங்கள். 38 கிலோ, 1.55 மீற்றர் என்றால் 15.8 வரும். 18.5க்குக் கீழே போனால் நிறை குறைவு. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடம் பார்க்க வேண்டும். பிறந்தபோது தந்த வளர்ச்சிப் புத்தகம் வீட்டில் எங்காவது கிடந்தால் தேடி எடுங்கள். பள்ளி மருத்துவப் பரிசோதனையில் எழுதிய நிறையும் உதவும். கோடு எந்த வகுப்பில் கீழே விழத் தொடங்கியது என்று வைத்தியருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

மெலிந்தவருக்குத்தான் இந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பிட்டுச் சத்தி எடுப்பவர்களில் பலர் சாதாரண நிறையில் இருப்பார்கள். ஒரேயடியாகச் சாப்பிடும் கோளாறு உள்ளவர் பருமனாகவும் இருக்கலாம். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் வரும். "உடம்பு வைக்க" ஜிம்முக்குப் போகத் தொடங்கிய பிறகு சோற்றைத் தொடாத பையனையும் கவனியுங்கள்.

2. கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாத நிலை

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

மயங்கி விழுதல். நெஞ்சு படபடப்பு, இதயம் விட்டு விட்டு அடிப்பதுபோல இருத்தல். சத்தியில் இரத்தம். ஐந்து நாளுக்கு மேலாக ஏறக்குறைய எதுவும் சாப்பிடாமை. குந்தி இருந்துவிட்டுக் கை ஊன்றாமல் எழும்ப முடியாமை. தசைப்பிடிப்பு, கை கால் விறைப்பு. காலமை படுக்கையில் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணினால் 40க்குக் கீழே இருத்தல். 40க்கும் 50க்கும் இடையில் என்றால் அவசர வண்டி தேவையில்லை, ஆனால் இந்தக் கிழமைக்குள் வைத்தியரைக் காண வேண்டும். சாக வேண்டும் என்ற கதை வந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், உடனே போங்கள். போகும் வழியிலோ இரவிலோ கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணிநேரமும் இருக்கிறது. எடுத்தவுடனேயே தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இந்த இடத்தில் வீட்டார் செய்யும் பெரிய பிழை ஒன்று உண்டு. பல நாள் பட்டினி கிடந்தவர் ஒருவழியாகச் "சரி, சாப்பிடுறன்" என்றதும், சந்தோசத்தில் வயிறுமுட்டச் சோறு போட்டு, இனிப்புச் சோடாவும் கொடுப்பார்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று மாச்சத்து ஏறினால் இரத்தத்தில் உள்ள உப்புகளான பொஸ்பேற்றும் பொட்டாசியமும் சட்டென்று விழும், இதயம் பாதிக்கப்படும். அப்படிப்பட்டவருக்கு உணவைக் கூட்டும் வேகத்தை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும், இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து. வழியில் எங்காவது குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பி வருவதும் இதே காரணத்தால் ஆபத்து.

3. ஓ.பி.டி.யில் துண்டு எடுப்பது

அவசரம் இல்லையென்றால் கிட்டடி வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலிருந்து தொடங்கலாம். மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆதார வைத்தியசாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் அங்கேயே காட்டி, மாவட்ட வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதுவித்துக்கொண்டு போனால் அங்கே மறுபடி முதலிலிருந்து கதை சொல்லும் அலைச்சல் குறையும்.

கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, அது இல்லாத பிள்ளை என்றால் பிறப்புச் சான்றிதழின் பிரதி, முந்திய கிளினிக் கொப்பிகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், வார்ட்டில் இருந்திருந்தால் நோய் நிர்ணய அட்டை, நீங்கள் எழுதிய கொப்பி. 18 வயதுக்குக் கீழ் என்றால் தாயோ தகப்பனோ பாதுகாவலரோ கட்டாயம் கூடப்போங்கள். அம்மம்மாவோடோ மாமியோடோ வளரும் பிள்ளை என்றால், பாதுகாவலர் யார் என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் எடுத்து வைப்பது பிறகு வார்ட்டில் மறிக்க வேண்டி வந்தால் கைகொடுக்கும். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோப் பிரதி. ஊரில் கரண்ட் இருக்கும் நாளிலேயே எடுத்து வையுங்கள்.

என்ன சொல்வது என்பதில்தான் காரியம் இருக்கிறது. "வயித்துக்குள்ள ஒரு மாதிரி", "சாப்பாடு இறங்குதில்லை" என்று தொடங்கினால் காஸ்ட்ரிக் குளிசையோடு வெளியே வருவீர்கள், அதில் வைத்தியரைக் குறை சொல்லவும் முடியாது. இப்படிச் சொல்லுங்கள்: "நிறை கூடிவிடும் என்ற பயத்தில் வேண்டுமென்றே சாப்பிடாமல் இருக்கிறா. நாலு மாதத்தில் 9 கிலோ குறைந்திட்டுது. சாப்பிட்டால் சத்தி எடுக்கிறா. உண்ணல் கோளாறோ என்று மனநலப் பிரிவில் காட்ட விரும்புகிறம்." இலக்கங்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். சத்தி எடுக்கும் விடயத்தைப் பிள்ளை அம்மாவுக்கு முன் சொல்லாது, ஆகவே தனியாக இரண்டு நிமிடம் கதைக்க விடும்படி கேளுங்கள்.

4. கதைக்குமுன் உடம்பு

மனநலப் பிரிவுக்கு அனுப்பும்போதோ அங்கே போன பிறகோ இவை செய்யப்பட்டனவா என்று பாருங்கள்: இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், முழு இரத்தக் கணக்கெடுப்பு, குருதிச் சீனி, கிட்னி, ஈரல் பரிசோதனைகள், தைரொயிட், ஈசிஜி (இதயத் துடிப்பைத் தாளில் பதியும் சோதனை). நிறை மிகவும் குறைந்தவர் என்றால் பொஸ்பேற்று, மக்னீசியம், கல்சியமும். இருந்தும் நின்றும் இரத்த அழுத்தம். மாதவிடாய் நின்ற பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள். அது வழமை, கோபிக்க ஒன்றுமில்லை. நிறை குறைவுக்குக் காசநோய், நீரிழிவு, தைரொயிட் போன்றவையும் காரணமாகலாம் என்பதால் அவற்றையும் விலக்கிப் பார்ப்பது சரியான வேலைதான். பிழை எதில் என்றால், "எல்லா ரிப்போட்டும் நோர்மல், ஒரு வருத்தமும் இல்லை" என்று அதோடு முடிப்பதில். உண்ணல் கோளாறு முற்றிய ஆளுக்கும் இரத்த ரிப்போட் சரியாக வரலாம்.

அடிக்கடி சத்தி எடுப்பவருக்கும் பேதி மாத்திரை பாவிப்பவருக்கும் பொட்டாசியம்தான் முதல் கவலை. அது விழுந்தால் இதயத் துடிப்பு குழம்பும். "இளநி குடி, சரியாகும்" என்று வீட்டில் சொல்வார்கள். இளநீரில் பொட்டாசியம் இருப்பது உண்மை, ஆனால் விழுந்த அளவைத் தெரியாமல் இளநீரை நம்பி இருக்க முடியாது. பொட்டாசியம் குளிசையைப் பாமசியில் தாமாக வாங்கிப் போடுவது அதைவிட மோசம், கூடினாலும் இதயம் நிற்கும்.

பேதி பற்றி ஒரு வார்த்தை. வருடத்துக்கொரு தடவை வயிறு கழுவப் பேதி குடிக்கும் பழக்கம் பல வீடுகளில் இருப்பதால் பேதி மாத்திரை யாருக்கும் உறுத்துவதில்லை. சாப்பாட்டின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பேதி வேலை செய்வது பெருங்குடலில். தராசில் குறைவது தண்ணீர்தான். இதைப் பிள்ளைக்குச் சொன்னாலே சிலர் நிறுத்திவிடுகிறார்கள். நெடுநாள் பாவித்தவர் நிறுத்தும்போது சில கிழமைகள் மலச்சிக்கலும் வீக்கமும் வரும், போகும். அந்தக் கிழமைகளில்தான் "பாத்தீங்களா, ஊதிட்டன்" என்று திரும்பவும் மாத்திரைக்குப் போவார்கள், விழிப்பாக இருங்கள்.

சத்தி எடுத்தவுடன் பல் துலக்க வேண்டாம். வயிற்று அமிலத்தில் இளகிய பல்லைத் தூரிகை தேய்த்துவிடும். தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்தால் போதும்.

5. மனநலக் கிளினிக்கில் முதல் நாள்

கிளினிக் கிழமையில் குறித்த நாட்களில்தான் நடக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு நம்பர் தருகிறார்கள் என்று முதல் நாளே வைத்தியசாலைக்கு அடித்துக் கேளுங்கள். ஒட்டுசுட்டானில் இருந்தோ துணுக்காயில் இருந்தோ காலமை பஸ்ஸைப் பிடித்துப் போய், "கிளினிக் நேற்று" என்று கேட்பது போன்ற கடுப்பு வேறில்லை. முதல் நாளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், ஏனென்றால் காத்திருந்த சாட்டில் மத்தியானச் சாப்பாடு தவறும்.

உங்களைக் காண்பவர் மனநல வைத்திய அதிகாரியாகவோ உளமருத்துவ நிபுணராகவோ இருப்பார். சமூக மனநலத் தாதியும் உளமருத்துவ சமூகப் பணியாளரும் இருக்கும் பிரிவென்றால் அவர்களோடு பழகிக்கொள்ளுங்கள். வைத்தியர் இடம்மாறிப் போவார், அவர்கள்தான் உங்கள் கதையை ஞாபகம் வைத்திருப்பவர்கள். தருகிற கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

நிறை பார்க்கும்போது தராசுக்கு முதுகு காட்டி நிற்கலாம். இலக்கத்தைத் தாதி எழுதட்டும், நோயாளிக்குச் சொல்ல வேண்டுமா என்பதைச் சிகிச்சை தருபவர் முடிவெடுக்கட்டும். போகுமுன் வயிறுமுட்டத் தண்ணி குடிப்பது, பையில் சில்லறைக் காசு போடுவது எல்லாம் இந்த நோயின் வழமையான வேலைகள். பிள்ளையைக் கள்ளன் பிடிப்பதுபோலப் பிடிக்காமல், தாதியிடம் மெல்லச் சொல்லிவிடுங்கள்.

"ஊர்ச் சனம் பார்த்திடும்" என்ற பயம் உண்மையானது. கலியாணப் பேச்சில் வந்து நிற்குமோ என்று தாய்மார் நடுங்குவதும் எங்களுக்குத் தெரியும். பக்கத்து மாவட்டத்தில் காட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அதற்கு ஒரு விலை உண்டு: வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி உங்கள் மாவட்டக் கிளினிக்கின் ஆளாகத்தான் இருப்பா. வேறு ஊரில் பதிந்தால் அந்த வீட்டு வருகையை இழப்பீர்கள். மாதக்கணக்கில் ஓட வேண்டிய சிகிச்சை என்பதால், முடிந்தால் கிட்டடிக் கிளினிக்கையே எடுங்கள்.

6. உளவளத்துணை வேறு, இந்தக் கோளாறுக்கான சிகிச்சை வேறு

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். பெரிய பள்ளிக்கூடங்களில் உளவளத்துணை ஆசிரியர் இருப்பார். வீட்டுச் சண்டை, பரீட்சைப் பயம், பள்ளியில் "குண்டு" என்ற பட்டப்பெயர், இவற்றைக் கதைக்கவும் கிளினிக்குக்குப் போகத் தைரியம் எடுக்கவும் நல்ல ஆட்கள். ஆனால் உண்ணல் கோளாறில் தனிப் பயிற்சி பலருக்கும் இருக்காது. நிறையும் இரத்தமும் பார்க்காமல் கதை மட்டும் ஆறு மாதம் ஓடினால், கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஆள் விழுந்துவிடும். "நல்லாச் சாப்பிடுங்கோ, யோசிக்காதேங்கோ" என்பது சிகிச்சை ஆகாது.

நீங்கள் கேட்க வேண்டியது என்ன? பதின்ம வயதுப் பிள்ளை, நிறை குறைந்துபோன நிலை என்றால் குடும்பத்தை மையமாக வைத்த சிகிச்சை. இதில் முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் கையில் எடுப்பார்கள். நிறை ஏறிய பிறகு பொறுப்பு மெல்ல மெல்லப் பிள்ளைக்குத் திரும்பும். கடைசியில் படிப்பு, சிநேகிதம், மற்றப் பிரச்சினைகள். ஏறக்குறைய 20 சந்திப்புகள், ஒரு வருடம். வளர்ந்தவர், சத்தி எடுப்பவர் அல்லது ஒரேயடியாகச் சாப்பிடுபவர் என்றால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் கதைச் சிகிச்சை), இந்தக் கோளாறுக்கென வடிவமைத்தது, 20 கிழமைகளில் 20 சந்திப்பு அளவில். நிறை மிகக் குறைந்த வளர்ந்தவருக்கு அது 40 வரை நீளும்.

இதைத் தருபவர் கிளினிக்கில் இருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். இல்லையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, தேவையைப் பொறுத்துக் கொழும்புக்கோ கடிதம் கேட்கலாம். கொழும்பில் பிள்ளைகளுக்கு சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவு உண்டு. அங்கே சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பாட்டு நோய் என்பது சொற்களில் உள்ள நோய், மொழிபெயர்ப்பில் பாதி போய்விடும்.

ஒன்லைனில் தனியாரிடம் போவதென்றால் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி: உண்ணல் கோளாறுள்ள ஆட்களைப் பார்த்திருக்கிறீர்களா, எந்த முறையில் செய்வீர்கள், என் நிறையையும் இரத்தத்தையும் யார் பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு "அது தேவையில்லை" என்றால் காசைக் கட்ட வேண்டாம்.

மருந்து பற்றி: சத்தி எடுக்கும் வகைக்கு புளுஒக்செற்றின் என்ற குளிசையை வைத்தியர் எழுதலாம், மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடிய அளவில், 60 மில்லிகிராம்வரை. குணம் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். பட்டினி கிடக்கும் வகைக்கு மருந்து மட்டும் போதாது, உணவுதான் முதல் மருந்து. தாமாக நிறுத்தவோ இரட்டிக்கவோ வேண்டாம்.

7. வீட்டில் தட்டு

மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி, எந்த இடைவெளியும் நாலு மணிநேரத்தைத் தாண்டாமல். ஒரேயடியாகச் சாப்பிடுபவருக்கும் இதே ஒழுங்குதான். பகலில் பட்டினி கிடப்பதால்தான் இரவில் பானை காலியாகிறது.

மாதிரிக்கு: காலமை 7 மணிக்குப் புட்டோ இடியப்பமோ, முட்டையும் சொதியும். 10 மணிக்கு வாழைப்பழம், கச்சான். 1 மணிக்குச் சோறு, பருப்பு, மீன், ஒரு மரக்கறி. 4 மணிக்குப் பால்தேத்தண்ணியும் அவித்த கௌபியும். இரவு 7.30க்கு ரொட்டி, கறி. படுக்குமுன் சத்துமா. விலை கூடிய பால்மாவும் பெட்டிப் பவுடரும் வாங்கத் தேவையில்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே, அளவை வைத்தியரோடு பேசி, கொடுங்கள். வெளிநோயாளராக இருக்கும் ஒருவருக்குக் கிழமைக்கு அரைக் கிலோ அளவில் ஏறினால் நல்ல வேகம்.

சாப்பிடும்போது ஒருவர் கூட இருங்கள், தட்டைப் பற்றிக் கதைக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒரு மணிநேரம் தனியே விடாதீர்கள். தாயம் போடுங்கள், டீவி பாருங்கள், என்னவோ செய்யுங்கள், குளியலறைப் பக்கம் போகாமல் அந்த நேரம் கடக்க வேண்டும். தராசு இருந்தால் வீட்டை விட்டு அகற்றுங்கள். கனடாவில் இருந்து வீடியோவில் வந்து "என்னடி மெலிஞ்சு போனாய்" என்று கேட்கும் சித்திக்கும், "இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிட்டாய், வடிவா இருக்கு" என்னும் மாமாவுக்கும் முன்கூட்டியே செய்தி போடுங்கள்: உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "வடிவா இருக்கு" என்ற பாராட்டும் கிழமைக்கணக்கான உழைப்பைக் கெடுக்கும்.

விரதம்: கந்தசஷ்டி, வெள்ளி, தவக்காலம், நோன்பு எதுவாக இருந்தாலும் சிகிச்சை முடியும்வரை பட்டினி வேண்டாம். பிள்ளை திடீரென்று மிகவும் பக்தியாகிப் புதுப்புது விரதம் தொடங்கினால் அதுவும் ஒரு அடையாளமே. ஐயரிடமோ சுவாமியிடமோ மௌலவியிடமோ போய்ச் சொன்னால், சுகமில்லாதவருக்கு விலக்கு உண்டென்று அவர்கள் வாயாலேயே சொல்வார்கள். அந்தச் சொல் உங்கள் சொல்லைவிட எடுபடும்.

8. செலவும் காலமும்

அரச வைத்தியசாலையில் வைத்தியருக்கும் கிளினிக்குக்கும் வார்ட்டுக்கும் காசு இல்லை. காசு போவது வேறு வழிகளில்: பஸ், போகும் இருவரின் ஒரு நாள் கூலி, வைத்தியசாலையில் முடிந்துபோய் வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து, வெளி ஆய்வுகூடத்தில் செய்யச் சொல்லும் பரிசோதனை. இவற்றை முதல் மாதத்திலேயே ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். இரண்டு பேரின் போக்குவரத்தையும் கூலியையும் சந்திப்புகளின் எண்ணிக்கையான 20ஆல் பெருக்கினால் வரும் தொகைதான் உண்மையான செலவு. கையிருப்பு அதற்குப் போதாதென்றால், கிளினிக்கில் இருக்கும் சமூகப் பணியாளரிடம் அதைச் சொல்லுங்கள். சந்திப்புகளை மருந்து எடுக்கும் நாளோடு சேர்த்துப் போடவும், இடையில் போனில் கதைக்கவும் வழி பார்ப்பார்கள். தனியாரில் சனல் பண்ணினால் வைத்தியர் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம் என்று இரண்டு வரும். பதியும்போது இரண்டையும் கேளுங்கள்.

காலம்: மனம் மாறுவதற்கு முன் உடம்பு தேறும். நிறை ஏறிய மூன்றாம் நான்காம் மாதத்தில் "எல்லாம் சரி" என்று வீட்டார் கிளினிக்கை விடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அந்த நேரத்தில்தான் உள்ளே பயம் உச்சத்தில் இருக்கும்.

9. பள்ளிக்கூடமும் வேலையும்

உயர்தரப் பரீட்சைக்கு 80 வீத வரவு கேட்பார்கள். ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் கொப்பியில் போட்ட திகதி முத்திரையின் பிரதியை அதிபரிடம் கொடுத்து வையுங்கள். வருட முடிவில் மொத்தமாகத் தேடினால் கிடைக்காது. நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, "கிளினிக் நோயாளி" என்ற கடிதம் போதும். உடற்பயிற்சிப் பாடத்துக்கும் விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கும் வைத்தியர் விலக்குத் தந்தால் அதையும் எழுத்தில் எடுங்கள். ஆடைத் தொழிற்சாலையில் சிப்ட் வேலை என்றால், 10 மணித் தீனிக்கு 10 நிமிடம் வேண்டும் என்று வைத்தியரிடம் ஒரு வரி எழுதுவித்து மேற்பார்வையாளரிடம் கொடுங்கள்.

10. இடையில் விட்டுப் போனால்

இரண்டு மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை, திரும்பவும் சத்தி தொடங்கிவிட்டது. வெட்கத்தில் வேறு வைத்தியசாலையில் புதிதாகத் தொடங்காதீர்கள். பழைய கொப்பியோடு பழைய கிளினிக்குக்கே, அடுத்த கிளினிக் நாளில், நேரத்தோடு போய் நம்பர் எடுங்கள். கொப்பி தொலைந்திருந்தால் போனில் எடுத்த படத்தைக் காட்டினால் பதிவைத் தேடி எடுப்பார்கள். அன்றைக்கே பொட்டாசியமும் ஈசிஜியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.